கொடையுறுப்பில் உறங்கும் வைரஸ்

சிறுநீரகம் பழுதுற்ற தம் மகனுக்குத் தம்முடைய சிறுநீரகம் ஒன்றை அளிக்க முன்வந்த தாயார் ஒருவர், என்னிடம் ஒருமுறை வினவினார்: "என்னிடமிருந்து அவனுக்கு நோய் ஏதும் போய்விடாதே, ஐயா?" அந்த வினாவுக்குரிய விடையையே இன்று கூற விரும்புகிறேன்.

1954ஆம் ஆண்டு டிசம்பரில், பாஸ்டன் நகரில், டாக்டர் ஜோசப் மரே ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அவ்விருவரும் உருவொத்த இரட்டையர். ஆதலால் அந்த உறுப்பை உடல் அயற்பொருளென்று ஒதுக்கவில்லை. ஏனையோருக்கோ உடலின் காவற்படையை மருந்தினால் அடக்கி வைத்தாக வேண்டும். இடர் பிறப்பது இங்கேதான்.

1964இல் லண்டனில் எப்ஸ்டைன், அச்சாங், பார் என்னும் மூவர், ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்குத் தாடையில் தோன்றும் புற்றுக்கட்டியின் அணுக்களில் ஒரு வைரஸைக் கண்டனர். வயது வந்தோரில் 100க்கு 90 பேருக்கு மேல் இது குடிகொண்டிருக்கிறது. இரத்தத்தின் வெள்ளையணுக்களில் உறங்கிக் கிடக்கும். காவல் விழித்திருக்கும் வரை பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் இதனை முன்பு கண்டறியாத உடலுக்குள், இதனைச் சுமந்த உறுப்பு புகுமாயின்? காவலரின் கைகள் கட்டுண்ட வேளையில், வைரஸ் புகுந்த அணுக்கள் வரம்பின்றிப் பெருகி, நிணநீர்ப் புற்றாக மாறலாம். குழந்தைகளுக்கே இவ்வபாயம் மிகுதி. அவர்களிற் பலர் இவ்வைரஸை அதுவரை எதிர்கொண்டிரார்.

கபோசிப் புற்று என்பது மற்றொன்று. இதற்குக் காரணமான வைரஸ் 1994இல் அறியப்பட்டது. சில நோயாளிகளின் கட்டியணுக்களே கொடையாளரின் உடலிலிருந்து வந்தவை என்று 2003இல் தெரியவந்தது.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. ஈவோர், ஏற்போர் இருவரின் இரத்தத்தையும் முன்னரே சோதிக்கிறார்கள். கல்லீரற் புற்றுக்கு வித்தாகும் பி, சி வகை மஞ்சட்காமாலை வைரஸ்களையும் தேடுகிறார்கள். பின்னர், அபாயம் மிகுந்தோரின் இரத்தத்தில் வைரஸின் அளவைக் காலந்தோறும் கணக்கிடுகிறார்கள். அது ஏறினால் அடக்கும் மருந்தைக் குறைப்பார்கள். மிகக் குறைத்தாலோ உறுப்பே பறிபோகும். கழைக்கூத்தாடியின் கயிற்றுநடைதான் இது! எனினும், கபோசிப் புற்றுக் கண்ட 15 பேருக்கு மருந்தை நிறுத்தி, சிரோலிமஸ் என்னும் வேறு மருந்து கொடுத்தபோது, தோற்கட்டிகள் மறைந்தன, சிறுநீரகமும் நிலைத்தது என்று இத்தாலிய மருத்துவர்கள் 2005இல் அறிவித்தனர்.

அந்தத் தாயாருக்கு நான் கூறிய விடை இதுவே: "போகக்கூடும், அம்மா. ஆயினும் அஞ்சிக் கொடையை நிறுத்த வேண்டா. காய்ச்சல் நீடித்தாலும், கழுத்தில் நெறி கட்டினாலும் உடனே வந்து சொல்லுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்."