தோசைக்கல்லும் தெர்மோடைனமிக்ஸும்

(இயந்திரவியல் துறை, இறுதியாண்டு)

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு தொழில்நுட்பக் கட்டுரை கேட்டார்கள். ராக்கெட், ரோபோ பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், நாம் நமக்குத் தெரிந்த அடுப்பைப் பற்றி எழுதுவோம் என்று முடிவு செய்தேன். சிரிக்க வேண்டாம். நாம் தலையைப் பிய்த்துக்கொண்டு படித்த வெப்ப இயக்கவியலில் பாதி, ஓர் ஓட்டல் சமையல்கட்டுக்குள் இருக்கிறது.

என் அப்பா தோசை மாஸ்டர். சென்ற வருடம் ஒரு நாள் அவர் வேலை பார்க்கும் ஓட்டலில் முதலாளி மாஸ்டர்களை வரிசையாக நிற்க வைத்து, "காஸ் ரொம்பப் போகுது. நீங்கதான் பொறுப்பில்லாம எரிய விடுறீங்க. இனிமே கூடுதலா ஆகுற சிலிண்டருக்கு உங்க சம்பளத்துலதான் பிடிப்பேன்" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "நான் என்ன காஸைக் குடிக்கவாடா செய்றேன்?" என்று மட்டும் கேட்டார். அது எங்கேதான் போகிறது என்று பார்த்துவிடுவோமே என்ற ரோஷத்தில் ஆரம்பித்ததுதான் இந்தக் கணக்கு.

ஓட்டல்களுக்கு வரும் சிலிண்டரில் 19 கிலோ காஸ் இருக்கும். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கிலோ கலோரி போதும். அப்படியானால் ஒரு சிலிண்டரை வைத்துக் கிட்டத்தட்ட 3,000 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காகிதத்தில்!

நிஜம் என்ன என்று பார்க்க, கூட்டமில்லாத மூன்று மணிக்கு சரக்கு மாஸ்டரிடம் கெஞ்சி ஓர் அடுப்பை வாங்கினேன். ஒரு சிலிண்டரைத் தனியாக மாட்டி, காய்கறி நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் முன்னும் பின்னும் எடை போட்டேன். அண்டாவில் 20 லிட்டர் தண்ணீர். வழக்கம்போல் மூடாமல், முழுத் தீயில் வைத்தபோது கொதி வர 320 கிராம் காஸ் செலவானது. தண்ணீருக்குள் போனது 1,400 கிலோ கலோரி. எரிந்ததோ 3,520. அதாவது திறன் 40 சதவீதம். அடுப்பை ஆறவிட்டு மறுபடி 20 லிட்டர் பச்சைத் தண்ணீர் பிடித்து, தாம்பாளத்தால் மூடி, தீ அண்டாவின் அடியை விட்டு வெளியே வராதபடி குறைத்து வைத்தேன். ஐந்து நிமிடம் கூடப் பிடித்தது. ஆனால் காஸ் 240 கிராம்தான். திறன் 53 சதவீதம். வீட்டு காஸ் அடுப்புக்கு இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தது 68 சதவீதம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்டாவுக்குள் போகாத அந்த 60 சதவீதம் எங்கே போயிற்று? பெரும்பகுதி சூடான புகையோடு மேலே போகும். மீதி சமையல்கட்டையும் அடுப்பின் முன்னால் நிற்கிற ஆளையும் சூடாக்கும். மணிக்கு ஒரு கிலோ காஸ் எரியும் அடுப்பில் வீணாகும் வெப்பம், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஏழெட்டைச் சுற்றி வைத்து சுவிட்ச் போட்டதற்குச் சமம். அப்பாவின் முன்கைகளில் ஏன் முடியே இல்லை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கிலோ கலோரியில் விடை கிடைக்கும் என்று அப்போது தெரியாது.

அடுத்தது 540. ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்கத் தேவையான உள்ளுறை வெப்பம் 540 கிலோ கலோரி என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதேதான். கொதிக்கும் சாம்பாருக்கு எவ்வளவு தீ கொடுத்தாலும் அது 100 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும். தளதளவென்று கொதிப்பதால் பருப்பு சீக்கிரம் வேகாது, தண்ணீர்தான் சீக்கிரம் ஆவியாகும். பத்து லிட்டர் ஆவியானால் 5,400 கிலோ கலோரி. 40 சதவீத அடுப்பில் அதற்கு 1.2 கிலோ காஸ்! கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடினாலே பெரும்பகுதி மிச்சம். பருப்பைப் பெரிய குக்கரில் போட்டால் இன்னும் நல்லது. ஒரு கிலோ அழுத்தத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி வரும்.

இந்தத் தெம்பில் அப்பாவிடம் போய், "தீயைச் சின்னதா வச்சே சுடுங்கப்பா" என்று உபதேசம் செய்தேன். மறுநாள் இரவு ஏழரை மணிக் கூட்டத்தில் கல் ஆறிப்போய் தோசை ஒட்டிக்கொண்டது. ரெண்டு தோசை குப்பைக்கு, எனக்கு நல்ல வசவு. கனமான இரும்புக் கல் ஒருமுறை சூடு இறங்கினால் சட்டென்று ஏறாது. புத்தகம் படித்தவன் அதை யோசித்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் வாயை மூடிக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் பக்கத்தில் நின்று கவனித்தேன். கல் ரொம்பக் காய்ந்தால் மாவு இழுபடாமல் சுருட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் முன் அப்பா தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் துடைப்பார். கொஞ்சம் தண்ணீர் அவசியம்தான். ஆனால் அன்று கூட்டமே இல்லாத நேரத்திலும் மக்கு மக்காகத் தெளித்துக்கொண்டிருந்தார். பச்சைத் தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியாக 610 கிலோ கலோரி வேண்டும். ஐந்து லிட்டர் ஆவியானால், மறுபடி 40 சதவீதக் கணக்கில், ஏறக்குறைய 700 கிராம் காஸ். கீழே காசு கொடுத்துச் சூடேற்றி, மேலே தண்ணீர் ஊற்றி ஆற்றுகிறோம்!

"கூட்டமில்லாதப்பவாவது தீயைக் குறைக்கலாம்ல?" என்றேன். அப்பா பேசாமல் என் தலையைப் பிடித்துக் குனிய வைத்துக் காட்டினார். காஸ் வால்வு மேடைக்கு அடியில், பர்னருக்குப் பின்னால் இருந்தது. கையை விட்டால் சுடும். "தினம் அம்பது தடவை இதுக்குள்ள கைய விடச் சொல்றியா?" சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்தால் பத்து மணிக்குத்தான் மூடுவார். நடுவில் கல்லின் சூட்டைக் கட்டுப்படுத்த அவர் கைக்கு எட்டுகிற ஒரே வால்வு, தண்ணீர் மக்குதான். அடுப்பை அடித்துக் கொடுத்தவர் வைத்த இடம் அது. பழி மாஸ்டர்மேல்.

பர்னரையும் பார்த்தேன். பொங்கி வழிந்த சாம்பார் துளைகளை அடைத்துத் தீ மஞ்சளாக எரிந்தது. ஒரு பங்கு எல்.பி.ஜி. எரிய 24 முதல் 31 பங்கு வரை காற்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் கரி அண்டாவின் அடியில் படியும், கரி வெப்பத்தைத் தடுக்கும், விஷமான கார்பன் மோனாக்சைடும் வரும். காஸை மூடி, ஆறவிட்டு, கம்பி பிரஷ் போட்டதும் தீ நீலமானது. செலவு ஒரு பிரஷ்.

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். கையெல்லாம் நடுக்கம். படித்துவிட்டு, "வால்வை முன்னாடி கொண்டுவர எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். "காஸ் வேலை தெரிஞ்ச மெக்கானிக்கத்தான் கேட்கணும், அண்ணாச்சி. நாம கை வைக்கக் கூடாது" என்றேன். மெக்கானிக் வந்து தோசை அடுப்புக்கு மட்டும் வால்வை முன்பக்கம் மாற்றிக் கொடுத்தார். அண்டாக்களுக்கு மூடி வாங்கினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் பேச்சு அதோடு நின்றது. அப்பா இப்போது இடது கையால் தீயைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வலது கையால் மாவை இழுக்கிறார். பரோட்டா அடுப்பின் வால்வு இன்னும் பின்னால்தான் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, எனக்கு எப்போ?" என்று கேட்கிறார்.