ஏடும் இயந்திரமும்

இலக்கியத் தொடரில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு நூலை எப்போது நம்பலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. அதை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய கார்.

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அண்மையில், என் பெரியப்பாவின் வளவில், 1951ஆம் ஆண்டின் ஹம்பர் சூப்பர் ஸ்னைப் ஒன்று பல்லாண்டுகளாக ஓடாமல் நின்றது. பிரித்தானியக் கடற்படை 1957 இல் இத்துறைமுகத்தைக் கையளித்துப் போன நாட்களில் அது கைமாறி வந்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். கவென்றி நகரில் பிறந்த ஹம்பர், அக்காலத்தில் பிரமுகர்களும் தளபதிகளும் ஏறிய சொகுசு வண்டி. இரண்டாம் உலகப் போரில் தளபதி மொன்ற்கொமரியைச் சுமந்ததும் ஒரு ஹம்பர்தான். பெரியப்பாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அந்த எஞ்சினின் சத்தத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பதே அவர் ஆசை. வண்டியைத் திருத்த ஒரு மெக்கானிக் அண்ணை முன்வந்தார். நூல் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பழைய புத்தகக் கடையொன்றில் திருத்தக் கைந்நூலின் போட்டோப் பிரதி கிடைத்தது. மேலே 'சூப்பர் ஸ்னைப்' என்றிருந்தது, முதற்பக்கம் இல்லை. மகிழ்ச்சியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணை படத்தைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார்.

"தம்பி, புத்தகத்தில வால்வு மேல நிக்குது. எங்கட எஞ்சினில பக்கத்தில நிக்குது. இது வேற ஆளின்ர சாதகம்" என்றார்.

அவர் சொன்னது சரி. சூப்பர் ஸ்னைப் என்ற பெயர் 1938 முதல் 1967 வரை வழங்கியது. பெயருக்குள் இருந்த எஞ்சின் ஒன்றல்ல. 1952 வரை வந்தது 4086 கன சென்ரிமீற்றர் எஞ்சின். வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும். அவ்வாண்டு அறிமுகமான நான்காம் மாதிரியில் வால்வுகள் மேலே ஏறின. 1958 இல் வந்ததோ 2651 கன சென்ரிமீற்றர் கொண்ட புதிய, சிறிய எஞ்சின். பிழையான நூலின் அளவுப்படி சிலிண்டர் தலையின் நட்டுகளை இறுக்கியிருந்தால் அது வளைந்தோ வெடித்தோ போயிருக்கும். மாற்றுக்கு இன்னொன்றை இத்தீவில் எங்கே தேடுவது?

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் அறிந்த சங்கடம் இது. 1887 இல் சீவக சிந்தாமணியைத் தந்த உ. வே. சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையைத் தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஒரே ஏட்டை நம்பி அச்சேற்றவில்லை. பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டார்கள். 1895 இல் 'மோகனாங்கி' நாவலை எழுதிய நம்மூர் தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் சென்னையில் சுவடிகளைக் காத்த நூலகத்தில் பணிபுரிந்தவர்தான். அந்தப் பெரியோர் வழியில் நானும் நூல்களை வகைப்படுத்தினேன்.

முதலாவது, மூலநூல். வண்டியைச் செய்தவர்களே வெளியிட்டது. இதிலும் மூன்று உண்டு. உரிமையாளர் கைந்நூல், எண்ணெய் இடுவது முதலான அன்றாடப் பராமரிப்பைச் சொல்லும். திருத்தக் கைந்நூல், கழற்றும் முறையையும் அளவுகளையும் சொல்லும். உதிரிப்பாகப் பட்டியல், ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுத்து, எது எதன்மேல் அமர்கிறது என்று படமாகவும் காட்டும்.

இரண்டாவது, உரைநூல். பிற்காலத்தவர் எழுதிய வரலாறுகள். இவற்றில் தலைப்பிலுள்ள ஆண்டைக் கவனிக்க வேண்டும். டிமோஸ், ராறிங் இருவரும் எழுதிய ஹம்பர் வரலாறு நல்ல நூல்தான். ஆனால் அது 1932 உடன் முடிகிறது. 'விண்டேஜ்' என்ற சொல்லும் ஏமாற்றும். நாம் எல்லாப் பழைய காரையும் அப்படி அழைக்கிறோம். பிரித்தானிய ஆர்வலர்களுக்கோ அது 1930 வரையான வண்டிகளை மட்டுமே குறிக்கும்.

ரோல்ஸ் ரொய்ஸ் போன்றவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அந்நிறுவனம் எஞ்சினும் சட்டகமும் மட்டுமே விற்றது. மேற்கூட்டை வேறு பட்டறைகள் கட்டின. எனவே கதவைப் பற்றி அறிய நிறுவனத்தின் கைந்நூல் உதவாது. அந்தத் தனி வண்டிக்கென எழுதப்பட்ட பழைய பதிவுகளைத்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, செவிவழி வந்த அறிவு. அது அண்ணையின் கைகளில் இருந்தது.

இவை முரண்பட்டால் தீர்ப்பளிப்பது வண்டிதான். அதன் தகட்டில் பொறித்த சட்டக எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன்பின் நூல் தேடுவதே முறை. விண்டேஜ் காலத்துக்குப் பிந்திய ஹம்பர்களுக்கென இங்கிலாந்தில் ஒரு சங்கமே இயங்குகிறது. அங்கு கேட்பதானாலும் இந்த எண்ணோடுதான் கேட்க வேண்டும். எண்ணை முன்வைத்துத் தேடியபோது எங்களுக்குரிய கைந்நூலும் பட்டியலும் சில மாதங்களில் வந்து சேர்ந்தன. இம்முறை அண்ணை படத்தையும் எஞ்சினையும் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு மாலை எஞ்சின் உயிர்பெற்றது. வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த பெரியப்பா, நிறுத்தச் சொல்லவே இல்லை.

பின்னர் அக்கைந்நூலைப் புரட்டினேன். ஒரு பக்க ஓரத்தில் அண்ணை பென்சிலால் எழுதியிருந்தார்: "உப்பு பிடித்த நட்டு. முதல் நாள் இரவே டீசலில் ஊறவிடவும்." கவென்றியில் அந்நூலை எழுதியவருக்குத் திருகோணமலைக் கடற்காற்றைத் தெரியாதே! அந்த வரியை நான் அழிக்கவில்லை. எங்கள் பிரதிக்கு அது ஒரு நல்ல உரை.