தின்னத் தின்ன இளைக்குதா? கணையத்தைக் கவனியுங்கள்!

"மூணு வேளையும் வயிறு முட்டத் தின்னுது டாக்டர். தட்டை நக்கி முடிச்ச கையோட அடுத்த தட்டுக்கு வந்து நிக்குது. ஆனா உடம்பைப் பாருங்க... விலா எலும்பை எண்ணிடலாம்!"

பாலவனத்தத்தில் என் வைத்தியசாலைத் திண்ணையில் உட்கார்ந்து இப்படிச் சொன்னவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவர் சொன்னது பேரனைப் பற்றி அல்ல, வீட்டு நாயைப் பற்றி! பெயர் டைகர். இரண்டு வயது அல்சேஷன். ஜெர்மன் ஷெப்பர்டு என்று புத்தகத்தில் எழுதினாலும் எங்கள் பக்கம் அதற்கு இன்னமும் அல்சேஷன்தான் பெயர்.

'மனுஷங்களுக்கு நாடி பார்க்கிற சித்த மருத்துவர், நாய்க் கதை எதுக்குச் சொல்றார்?' என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இந்த டைகர் விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். அதை நீங்கள் யாரும் செய்துவிடக் கூடாது. அதோடு, அதற்கு வந்த நோய் மனிதருக்கும் வரும்.

ஒட்டிய வயிறு அழகா, நோயா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை என்று பேர் வாங்கிய நாய்களெல்லாம் இந்தத் தென்சீமையைச் சேர்ந்தவை. முயல் விரட்டப் பிறந்த கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் ஒட்டிய வயிறும் ஒடுங்கிய இடுப்பும்தான் லட்சணம். அதனால் மெலிந்த நாயைப் பார்த்து இங்கே யாரும் பதற மாட்டோம். டைகர் இளைக்க ஆரம்பித்தபோதும் "வெயிலுக்கு இளைச்சிருக்கு, மழை பெஞ்சா சரியாயிரும்" என்றே ஆறு மாசம் ஓடிவிட்டது. 30 கிலோ இருக்க வேண்டிய நாய், என்னிடம் சொல்ல வந்த நாளில் 18 கிலோ!

தெருப் பேச்சு வேறு. "புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் பென்ஷன் வாங்குறாங்க. ஒரு நாய்க்குச் சோறு போடக் கணக்குப் பார்க்குறாங்களே!" இது காதில் விழுந்ததிலிருந்து சாரின் மனைவி, அவரும் டீச்சராக இருந்தவர், சாயங்காலம் நாயை வெளியே கூட்டிப் போவதையே நிறுத்திவிட்டார்.

நான் செய்த தப்பு

"பூச்சியா இருக்கும் சார். முதல்ல பூச்சி மருந்து கொடுங்க" என்றேன். அதில் தப்பில்லை. அதற்குப் பிறகும் இளைத்தபோது, "சீரணக் கோளாறுதான். பப்பாளிப் பழம் கொடுங்க. கம்பங்கூழைக் கரைச்சு ஊத்துங்க, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று சொல்லி அனுப்பினேன். நாயைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை! இரண்டு மாதம் இப்படியே போனது. டைகர் இன்னும் ஒன்றரைக் கிலோ குறைந்தது.

ஒருநாள் சார் வந்தார். "இனிமே பார்க்கச் சகிக்கல டாக்டர். ஊசி போட்டு அனுப்பிரலாம்னு இருக்கேன்" என்றார். பக்கத்தில் நின்ற டீச்சரம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சுருக்கென்றது. "சார், அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை கால்நடை மருத்துவர்கிட்டக் காட்டிரலாம், நானும் கூட வர்றேன்" என்று கிளம்பினேன்.

அந்த மருத்துவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். நாயைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மலம் எப்படிம்மா இருக்கு?"

"சொல்லவே கூச்சமா இருக்கு தம்பி. சாணி மாதிரி குவியல் குவியலா, வெளிறிப்போய், எண்ணெய் மினுமினுப்போட இருக்கு. நாத்தம் தாங்கல. வயித்துக்குள்ள எந்நேரமும் கடமுடன்னு சத்தம். அதைவிடக் கொடுமை... போனதைத் திரும்பத் தானே திங்குது. அதுக்காக எத்தனை அடி அடிச்சிருப்பேன்!"

"அடிக்காதீங்கம்மா. அது கெட்ட பழக்கம் இல்ல. பசி."

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ வெட்கமாகப் போயிற்று. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்த பிறகே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு அரிச்சுவடியே அதுதான். என்னிடம் வருகிற ஒவ்வொரு நோயாளியிடமும் மலம் எப்படி என்று கேட்பேன். 'நாய்தானே' என்று டைகருக்குக் கேட்காமல் விட்டேன்!

கணையம் செய்யும் இரண்டு வேலை

இரைப்பைக்குப் பின்னால், சிறுகுடலின் தொடக்கத்தை ஒட்டி இருக்கும் உறுப்பு கணையம். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, இன்சுலினைச் சுரந்து ரத்தத்தில் விடுவது. இது எல்லோருக்கும் தெரியும். 1889-ல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் வான் மெரிங்கும் மின்கோவ்ஸ்கியும் கணையத்தை எடுத்துவிட்ட ஒரு நாய்க்குச் சர்க்கரை நோய் வந்ததைக் கண்டுதான் இந்தத் தொடர்பையே கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு வேலை, செரிமான என்சைம்களைச் சுரந்து குடலில் விடுவது. அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கும். லைப்பேஸ் கொழுப்பை உடைக்கும். டிரிப்சின் புரதத்தை உடைக்கும். கொழுப்பு செரிக்கக் கணைய நீர் வேண்டும் என்பதை பிரான்ஸின் கிளாட் பெர்னார் 1840-களின் கடைசியிலேயே காட்டிவிட்டார்.

இந்த என்சைம்கள் சுரக்காமல் போவதுதான் கணையச் சுரப்புக் குறைபாடு. கால்நடை மருத்துவர்கள் சுருக்கமாக ஈ.பி.ஐ. என்பார்கள். தின்ற சோறு உடையாமல் அப்படியே வெளியே போய்விடும். வயிறு நிறைந்திருக்கும், உடம்பு பட்டினி கிடக்கும்!

கணையம் ரொம்பப் பொறுமைசாலி. என்சைம் சுரக்கும் திறனில் ஏறக்குறைய 90 சதவீதம் போன பிறகுதான் அறிகுறியே தெரியும். அல்சேஷன் நாய்களில் இது அதிகம். என்சைம் சுரக்கும் செல்கள் இளவயதிலேயே சுருங்கி அழிந்துவிடும். பரம்பரையாக வருகிற தன்மை இருப்பதால், நோய் கண்ட நாயை இனவிருத்திக்கு விடக் கூடாது. மற்ற இனங்களுக்கும் இது வரலாம். கணையத்தில் திரும்பத் திரும்ப அழற்சி வந்த நாய்க்கு வயதான பிறகும் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நாய் இளைத்தால் உடனே 'கணையம்தான்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொக்கிப்புழு, ஜியார்டியா, உண்ணிக் காய்ச்சல், குடல் நோய் இவற்றாலும் இளைக்கும். அதனால் முதலில் மலப் பரிசோதனை, பொது ரத்தப் பரிசோதனை.

அந்தக் காலத்தில் எக்ஸ்ரே பிலிம் துண்டை மலக் கரைசலில் போட்டு வைப்பார்களாம். டிரிப்சின் இருந்தால் பிலிம் மேலுள்ள ஜெலட்டின் பூச்சைத் தின்று தெளிவாக்கிவிடும். இல்லாவிட்டால் பிலிம் அப்படியே இருக்கும். கெட்டிக்கார யோசனைதான், ஆனால் அடிக்கடி ஏமாற்றும். ரத்தத்தில் அமைலேஸ், லைப்பேஸ் அளவு பார்ப்பதும் இந்த நோய்க்கு உதவாது.

1980-களில் வந்த டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனைதான் இன்று நம்பகமானது. கணையத்திலிருந்து ரத்தத்தில் கசியும் டிரிப்சின் வகைப் பொருளை அது அளக்கிறது. 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் வைத்து ரத்தம் எடுக்க வேண்டும். லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நோய் உறுதி. இது நாய்க்கென்றே உள்ள பரிசோதனை. மனிதருக்குரிய கிட்டில் பார்க்க முடியாது. எல்லா லேப்பிலும் கிடைக்காது, மாதிரியை அனுப்பித்தான் பார்க்க வேண்டியிருக்கும். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல் கல்லூரி, நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டி கல்லூரி இவற்றில் செல்லப் பிராணிகளுக்குச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கேட்டால் வழி சொல்வார்.

டைகரின் முடிவு பத்து நாளில் வந்தது. 1.2!

சிகிச்சை என்ன?

சுரக்காத என்சைமை வெளியிலிருந்து கொடுப்பதுதான் சிகிச்சை. பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படும் பொடியோ, கேப்ஸ்யூலைத் திறந்து எடுத்த குருணையோ, மருத்துவர் சொன்ன அளவில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கலக்க வேண்டும். சோறு ஆறியிருக்க வேண்டும். சுடுசோற்றில் கலந்தால் என்சைம் கெட்டுவிடும். உலர்ந்த பொடி வாயில் ஒட்டினால் புண்ணாகும் என்பதால் சாப்பாட்டைக் கொஞ்சம் ஈரமாக்கிப் பிசைந்து வைக்க வேண்டும்.

அடுத்தது வைட்டமின் பி12. இந்த நோய் கண்ட பல நாய்களுக்கு இது குறைந்துவிடும். குறைந்திருந்தால் என்சைம் கொடுத்தும் உடம்பு தேறாது. டைகருக்கு வாரம் ஒரு ஊசி வீதம் ஆறு வாரம் போட்டார்கள். குடலில் கிருமிகள் பெருகியிருந்தால் அதற்குத் தனி மருந்து உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டில் நான் சொன்ன கம்பங்கூழை முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார் அந்த மருத்துவர். நார் அதிகமான உணவு என்சைமின் வேலையைக் குறைக்கும். அரிசிச் சோறு, எலும்பில்லாத வேகவைத்த கோழிக்கறி, அவித்த முட்டை என்று சிறுகச் சிறுக மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். என் பப்பாளியும் போயிற்று. பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் புரதத்தை மட்டுமே உடைக்கும், கொழுப்பை உடைக்காது. அதுவும் காயில்தான் அதிகம், பழத்தில் சொற்பம்.

'பச்சைக் கணையத்தையே கொடுத்தால் என்ன?' என்று கேட்கலாம். கொடுப்பதுண்டு. சாரும் ஒருநாள் ஆசையாகக் கறிக்கடையிலிருந்து வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தால் சுவரொட்டி! சுவரொட்டி என்பது மண்ணீரல். அதில் இந்த என்சைம் கிடையாது. உண்மையான கணையத்தையும் வேகவைத்தால் பலன் போய்விடும். பச்சையாகக் கொடுத்தாலோ கிருமியும் நாடாப்புழுவும் நாய்க்கும், அதன் வழியாக நமக்கும் தொற்ற வாய்ப்புண்டு. மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

மறக்கக் கூடாதவை

* மலம் ஒழுங்கானதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். செல்கள் சுருங்கி வரும் நோய்க்கு ஆயுசு முழுக்க என்சைம் வேண்டும்.

* மருந்துச் செலவு கொஞ்சநஞ்சம் அல்ல. மாதம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* மனிதருக்கான லேகியம், சூரணம், பற்பம் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். இதைச் சித்த மருத்துவனான நானே சொல்கிறேன். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

* வாரம் ஒரு தடவை எடை பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள்.

நம் வீட்டில் யாருக்காவது...?

நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறார், மலம் வெளிறி எண்ணெய் மிதக்கிறது, நாற்றம் அதிகம், சாப்பிட்டால் மேல்வயிற்றில் முதுகுவரை வலி என்று இருந்தால், மனிதருக்கும் கணையத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெடுநாள் குடிப்பழக்கம் ஒரு முக்கியக் காரணம். குடியே தெரியாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் சேர்ந்து, பிறகு சர்க்கரையும் வருவது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அறியப்பட்ட நோய்தான். கூச்சப்பட்டு மலத்தைப் பற்றிச் சொல்லாமல், "அல்சராக இருக்கும்" என்று ஜெலுசில் குடித்தே காலத்தை ஓட்டுகிறார்கள். ஸ்கேனும் மலத்தில் எலாஸ்டேஸ் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும். இவர்களுக்கும் சாப்பாட்டோடு என்சைம் கேப்ஸ்யூல்தான் மருந்து.

டைகர் இப்போது எப்படி?

என்சைம் ஆரம்பித்த நாலாவது நாளே மலம் கெட்டிப்பட்டது. மூன்று மாதத்தில் 23 கிலோ. ஒரு வருஷத்தில் 27. நடுவில் பங்குனிப் பொங்கலுக்கு வந்த உறவினர்கள், "பாவம், நாய்க்கு ரெண்டு வாய்" என்று பொடி கலக்காமல் கறிச்சோறு போட்டுவிட்டார்கள். மறுநாளே பழைய கதை! அதிலிருந்து டீச்சரம்மா மருந்து டப்பாவோடு ஒரு தேக்கரண்டியைக் கயிற்றில் கட்டி அடுப்படியில் தொங்கவிட்டிருக்கிறார். யார் சோறு வைத்தாலும் கண்ணில் படாமல் போகாது.

சாயங்காலம் கண்மாய்க் கரைப் பக்கம் போனால் சாரையும் டீச்சரம்மாவையும் டைகரோடு பார்க்கலாம். போன வாரம் நானும் பார்த்தேன். "எல்லாம் சரியாப் போச்சு டாக்டர்" என்றார் டீச்சரம்மா. டைகரின் தலையைத் தடவிக்கொண்டே, "நான் அடிச்ச அடியை மட்டும் இது மறந்திருந்தாப் போதும்" என்றார்.