பழைய பெயின்டைச் சுரண்டும் முன்

ஏற்காட்டின் தோட்ட பங்களாக்களிலும் பழைய வீடுகளிலும் எனாமல் அப்பிய கட்டில், பீரோ, நாற்காலிகள் இன்னும் கிடக்கின்றன. உள்ளே இருப்பது தேக்கா, ஈட்டியா என்று பார்க்கும் ஆசையில் உப்புத்தாளைக் கையில் எடுப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதில் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் என்றால் சந்தேகம் இன்னும் கூடுதல். உலர்வாகத் தேய்த்தால் அந்த ஈயம் மாவுபோல் நுணுகித் தரையில் படியும். தவழும் குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போகும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது.

மலைக்குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு பெயின்ட் ரிமூவர் தடவுவது இன்னொரு விபரீதம். சில ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. அதன் ஆவி உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் உயிரையே குடிக்கும். துணி முகக்கவசமோ என்95ஓ அந்த ஆவியைத் தடுக்காது. டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள்.

வேலையை வெளியில், தார்ப்பாய் விரித்துச் செய்யுங்கள். தண்ணீர் தெளித்து, ஈரம் காயாமல் பட்டி பிளேடால் சுரண்டுங்கள். தூளுக்கு என்95 போடலாம். தீ காட்டி உரிக்கவே வேண்டாம், ஈயம் புகையாகிவிடும். உடைந்த நாற்காலியை வெந்நீர் அடுப்பில் வைக்கும் பழக்கமும் இதனால்தான் கூடாது. அந்தச் சாம்பலிலும் ஈயம் இருக்கும், அதைச் செடிக்குப் போடாதீர்கள். சுரண்டியதைப் பையில் கட்டி, வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

வீட்டுக்காரர் ஒரு நாள் சுரண்டுவார். பெயின்டரும் தச்சரும் ஆயுள் முழுக்கச் சுரண்டுகிறார்கள். ஓயாத வயிற்று வலி, சோகை, கை தளர்ச்சி என்றால் செய்யும் தொழிலை மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட காலத்திலிருந்தே ஈய நோய், தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. கூலிக்கு வேலை பார்த்து நோய் வந்தவர் தொழிலாளர் துறையில் இழப்பீடு கேட்கலாம்.

புதுப் பெயின்ட் டப்பாவில் ஈய அளவு அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ரசீதும் டப்பாவும் மட்டும் பத்திரமாக இருக்கட்டும்.