சொல்லிவிட்டு அழுத்துங்கள்

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்-ரே எடுக்க டாக்டர் எழுதிக்கொடுத்ததும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "ரேடியேஷன் உடம்புக்கு ஆகாதே?" நியாயமான கேள்வி. இரண்டு மார்பகங்களையும் தலா இரண்டு கோணத்தில் எடுக்கும் வழக்கமான பரிசோதனையில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவெர்ட். மண், காற்று, உணவு, விண்வெளி என இயற்கையிடமிருந்தே ஒரு மனிதருக்கு உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் வந்து சேர்கிறது. அதாவது, இரண்டு மாதம் சும்மா இருந்தாலே சேரும் அளவுதான் இது. மோனசைட் மணல் கலந்த மணவாளக்குறிச்சிக் கரையோரத்தில் இயற்கை அளவே சராசரியைவிட அதிகம். எக்ஸ்-ரே உடம்பில் தங்குவதும் இல்லை. பாலூட்டும் தாய் வீடு திரும்பியதும் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அளவு குறைவு என்பதற்காக ஒரு படம்கூட வீணாக எடுக்கக் கூடாது. படம் வீணாவதற்கு மெஷின் மட்டும் காரணமில்லை, பயமும் காரணம். இதைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

மார்பகத்தைத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவது கொடுமைக்காக இல்லை. திசு பரவி மெலிந்தால் குறைந்த கதிரே போதும், சின்னக் கட்டியும் எளிதில் ஒளிந்துகொள்ளாது, அசைவும் இருக்காது. சாய்வாக எடுக்கும் படத்தில் அக்குளை ஒட்டிய மார்புத் தசையும் விழ வேண்டும். கூச்சத்தில் தோளை இறுக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் அது சரியாக வராது. மறுபடி அழுத்தல், மறுபடி கதிர். "அம்மா, தோளைத் தளர விடுங்க. இப்போ தட்டு இறங்கும், சில நொடிதான். தாங்கலைன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்." இப்படிப் பேசத் தெரிந்த டெக்னீஷியன் கதிர்வீச்சையும் குறைக்கிறார் என்றே நான் சொல்வேன்.

தாலியைக் கழற்றத் தயங்குபவரிடம் சலித்துக்கொள்ள வேண்டாம். முதுகுப்பக்கம் தள்ளிவிட்டாலே பெரும்பாலும் போதும். ஒரு பக்கம் எடுக்கும்போது மறுபக்கத்தைக் கவுனால் மூடலாம். படம் எடுக்கும் நேரத்தில் கதவைத் திறந்து ஃபைல் நீட்டும் வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். ஆண் மருத்துவர் பரிசோதித்தால் பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்திலேயே இது இருக்கிறது. கேட்டு வாங்கலாம், தயங்க வேண்டியதில்லை. அந்த எக்ஸ்-ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் அன்று பவுடர், டியோடரன்ட் போட வேண்டாம். படத்தில் சுண்ணாம்புத் துகள்போலத் தெரிந்து குழப்பும். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறையும். பழைய படங்கள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று டெக்னீஷியன்களுக்கு. திரும்ப எடுக்க நேர்ந்தால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். "கொஞ்சம் அசைஞ்சிடுச்சும்மா, அதான் இன்னொண்ணு" என்றால் முடிந்தது. ஒன்றும் சொல்லாமல் மறுபடி நிற்க வைத்தால், ரிப்போர்ட் வரும்வரை அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வராது.