ஷட்டரா, இன்சுலேட்டட் ஓவர்ஹெட் டோரா? குடோன் வாசலுக்கு 1 லட்சம் கூடக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



மாசச் சம்பளத்தோட சைடுல ஒரு வருமானம் வேணும்னு யோசிக்கிறவங்க இப்போ அதிகமா கையில எடுக்கிற ஐடியா, சின்ன குடோன். ஊருக்கு வெளியே அப்பா பேர்ல கொஞ்சம் நிலம் இருக்கும். அதுல 800, 1000 சதுர அடிக்கு ஒரு ஷெட் போட்டு, ஆன்லைன்ல விற்கிற பொருளை ஸ்டாக் வைக்கலாம், இல்லேன்னா வாடகைக்கு விடலாம்.

சுவர், கூரை எல்லாம் இன்ஜினியர் சொன்னபடி முடிஞ்சிடும். குழப்பம் வர்றது வாசல்ல. ஒருத்தர் மோட்டார் வச்ச சாதா ரோலிங் ஷட்டருக்கு கொட்டேஷன் கொடுப்பார். இன்னொருத்தர் இன்சுலேட்டட் ஓவர்ஹெட் டோர் காட்டி, "கரண்ட் பில் பாதியாகிடும் சார், சேஃப்டியும் அதிகம்"னு சொல்வார். விலையில பெரிய வித்தியாசம் இருக்கும்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கரண்ட் மிச்சம் என்பது கணக்குப் போட்டு முடிவு பண்ண வேண்டிய விஷயம். பாதுகாப்பு அப்படி இல்லை, அதுல பேரம் பேசக்கூடாது. விற்கிறவங்க இந்த ரெண்டையும் ஒரே பில்லில் கலந்து தர்றாங்க. நாம அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரோலிங் ஷட்டர் நம்ம எல்லாருக்கும் தெரியும். மெல்லிய இரும்புப் பட்டைகள், மேலே பெட்டிக்குள்ள சுருண்டுக்கும். வெளியே 38 டிகிரின்னா அந்த இரும்பும் அதே சூடு, உள்பக்கமும் அதே சூடு. நடுவுல தடுக்க எதுவும் இல்லை.

இன்சுலேட்டட் ஓவர்ஹெட் டோர்ல அகலமான பேனல்கள் கீலால இணைஞ்சிருக்கும். தண்டவாளம் மாதிரி ரெண்டு பக்கமும் இருக்கிற டிராக்ல மேலே ஏறி, கூரைக்குக் கீழே படுத்துக்கும். ஒவ்வொரு பேனலும் ரெண்டு தகடு, நடுவுல 40 மி.மீ. அளவுக்கு பஃப் நுரை. குளிர்பதனக் கிடங்கு சுவர்ல பார்ப்பீங்களே, அதே நுரைதான்.

வெப்பக் கணக்கு: ஒரே கதவு, மூணு பதில்

ஒரு கதவு வழியா எவ்வளவு வெப்பம் உள்ளே வருதுன்னு சொல்ற அளவுக்கு யூ வேல்யூன்னு பேர். உள்ளே, வெளியே 1 டிகிரி வித்தியாசம் இருந்தா, 1 சதுர மீட்டர் வழியா எத்தனை வாட் வெப்பம் வரும் என்பதுதான் அது. எண் குறைவா இருந்தா நல்லது. சாதா இரும்பு ஷட்டருக்கு சுமார் 6. பிரேம், ஓரம் எல்லாம் சேர்த்து மாட்டின இன்சுலேட்டட் கதவுக்கு 1.3ன்னு எடுத்துக்கலாம்.

10 அடிக்கு 10 அடி கதவு, அதாவது 9.3 சதுர மீட்டர். யூனிட் 10 ரூபாய்னு கணக்குக்கு வைக்கிறேன், நீங்க உங்க பில்லில் இருக்கிற ரேட்டைப் போடுங்க. ஏசி 1 யூனிட் கரண்ட்ல 3 யூனிட் வெப்பத்தை வெளியேத்தும்னு வச்சுக்கலாம். ரெண்டு கொட்டேஷனுக்கும் வித்தியாசம் 1 லட்சம் ரூபாய்னு வைப்போம்.

முதல் நிலைமை: ஏசி இல்லாத குடோன். பகல் முழுக்க கதவு திறந்தே கிடக்கும். கரண்ட் மிச்சம் பூஜ்யம். உள்ளே கொஞ்சம் சூடு குறையலாம், ஆனா அதுக்காக பில் குறையாது.

ரெண்டாவது நிலைமை: பகல்ல மட்டும் ஏசி. உள்ளே 24 டிகிரி, வெளியே சராசரி 32, ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள். ஷட்டர் வழியா வர்றது 446 வாட், இன்சுலேட்டட் கதவு வழியா 97 வாட். வித்தியாசம் சுமார் 350 வாட். ஏசி கணக்குல வருஷத்துக்கு 350 யூனிட், அதாவது 3,500 ரூபாய். போட்ட 1 லட்சம் திரும்ப வர 28 வருஷத்துக்கு மேல ஆகும்.

மூணாவது நிலைமை: சாக்லேட் மாதிரி சூடு தாங்காத சரக்கு. உள்ளே 18 டிகிரி, 24 மணி நேரமும், 365 நாளும். வெளியே இரவு பகல் சராசரி 29ன்னு வச்சா, வித்தியாசம் 11 டிகிரி. மிச்சம் வருஷத்துக்குச் சுமார் 1,400 யூனிட், 14,000 ரூபாய். 7 வருஷத்துல காசு திரும்பிடும். உள்ளே இன்னும் குளிரா வைக்கணும்னா இன்னும் சீக்கிரம் திரும்பும்.

கவனிச்சீங்களா? கதவு அதேதான். எத்தனை டிகிரி வித்தியாசம், எத்தனை மணி நேரம் என்பதுதான் பதிலை மாத்துது. 1 லட்சத்தை 7 சதவீத எஃப்டியில போட்டாலே வருஷத்துக்கு 7,000 வட்டி, அசலும் கையில இருக்கும். 3,500 ரூபாய் மிச்சப்படுத்துற கதவு அதைவிட மோசமான முதலீடு. 12 சதவீத பர்சனல் லோன்ல வாங்கினா, மிச்சத்தைவிட வட்டியே அதிகம்.

ஒரு விதிவிலக்கு, மேற்குப் பார்த்த வாசல். மதியத்துக்கு மேல நேரடி வெயில் பட்டா இரும்புத் தகடு காற்றைவிட ரொம்பவே சூடாகும், அப்போ மிச்சம் கூடும். ஆனா அங்கேயும் முதல்ல வாசலுக்கு மேல ஒரு சன்ஷேடு, ஷட்டருக்கு வெள்ளை பெயின்ட். அந்தச் செலவு ரொம்பக் கம்மி.

பெரிய ஓட்டை கதவுல இல்லை, இடுக்குல இருக்கு

இதுதான் யாரும் சொல்லாத கணக்கு. 10 அடி கதவோட சுற்றளவு சுமார் 12 மீட்டர். சுத்திலும் வெறும் அரை சென்டிமீட்டர் இடுக்கு இருந்தா, மொத்தம் 0.06 சதுர மீட்டர் ஓட்டை. அது வழியா விநாடிக்கு 18 லிட்டர் வெளிக்காற்று உள்ளே வருதுன்னு வைங்க. சென்னை மாதிரி ஈரப்பதம் அதிகமான ஊர்ல ஏசி அந்தக் காற்றைக் குளிர வச்சா மட்டும் போதாது, அதுல இருக்கிற ஈரத்தையும் பிழிஞ்சு எடுக்கணும். 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்துல கணக்குப் போட்டா, ரெண்டாவது நிலைமையில வருஷத்துக்குச் சுமார் 7,400 ரூபாய்.

அதாவது, கதவு வழியா மிச்சமாகிற 3,500ஐவிட இடுக்கு தின்கிறது ரெண்டு மடங்கு! பக்கவாட்டுல பிரஷ் சீல், கீழே ரப்பர் சீல், மேல் பெட்டிக்கு மூடி, இதெல்லாம் சில ஆயிரம் ரூபாய் வேலை, சாதா ஷட்டருக்கே போடலாம். பட்டைகளுக்கு நடுவுல கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும். இருந்தாலும் பாதியை அடைச்சாலே போட்ட காசு சீக்கிரம் வந்துடும். விலை உயர்ந்த கதவை வாங்கி, தரை சமமா இல்லாம கீழே வெளிச்சம் தெரிஞ்சா, நீங்க கொடுத்த இன்சுலேஷன் காசு அந்த வெளிச்சம் வழியாவே போயிடும்.

பிராஷர்ல பார்க்க வேண்டிய ஒரு எண்

சில பிராஷர்ல "ஆர்-16"ன்னு பெருசா போட்டிருக்கும். ஆர் வேல்யூ வெப்பத்தைத் தடுக்கிற திறன், எண் கூடினா நல்லது. ஆனா இது அமெரிக்க அளவு. 5.678ஐ இந்த எண்ணால வகுத்தா நம்ம யூ வேல்யூ கிடைக்கும். ஆர்-16ன்னா சுமார் 0.35. பெரும்பாலும் அது பேனலோட நடுப்பகுதிக்கு மட்டும் உள்ள எண். கீல், ஓரம், பிரேம் எல்லாம் சேர்ந்தா நிலைமை வேற. அதனால "மாட்டின முழுக் கதவோட யூ வேல்யூ எவ்வளவு, எழுத்துல கொடுங்க"ன்னு கேளுங்க.

பாதுகாப்பு: இங்கே பேபேக் கணக்கு கிடையாது

100 சதுர அடி இன்சுலேட்டட் கதவு நூறு கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கிப் பிடிக்கிறது மேலே இருக்கிற ஸ்பிரிங். அதுக்கு ஆயுள் உண்டு. சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 சைக்கிள், ஒருமுறை திறந்து மூடினா ஒரு சைக்கிள். வீட்டு கராஜ்ல ஒரு நாளைக்கு 4 தடவைன்னா கிட்டத்தட்ட 7 வருஷம் வரும். டெலிவரி வண்டி வந்து போற குடோன்ல 10 தடவை, 300 நாள்னா 3 வருஷம் 4 மாசத்துல முடிஞ்சிடும். அதுக்கப்புறம் எப்போ உடையும்னு யாருக்கும் தெரியாது. கீழே யார் நிற்பாங்கன்னும் தெரியாது. மூட்டை தூக்குற அண்ணனா இருக்கலாம், உங்க அப்பாவா இருக்கலாம்.

அதனால ஷட்டரோ, ஓவர்ஹெட் டோரோ, இதெல்லாம் கொட்டேஷன்ல எழுத்துல இருக்கணும்:

1. ஓவர்ஹெட் டோர்னா ஸ்பிரிங் உடைஞ்சாலும், கேபிள் அறுந்தாலும் கதவை அப்படியே பிடிச்சு நிறுத்துற கருவி. மோட்டார் ஷட்டர்னா, கியர் உடைஞ்சா கீழே விழாம தடுக்கிற சேஃப்டி பிரேக்.

2. குறுக்கே ஆள் இருந்தா நிறுத்துற சென்சார், கீழ் ஓரத்துல ஏதாவது பட்டா திரும்ப மேலே ஏத்துற சேஃப்டி எட்ஜ். அமெரிக்காவுல குழந்தைகள் ஆட்டோமேட்டிக் கராஜ் கதவுல சிக்கி இறந்ததாலதான், 1993லேருந்து வீட்டு மோட்டார்கள்ல இந்த மாதிரிப் பாதுகாப்பைச் சட்டப்படி கட்டாயமாக்கினாங்க. சென்சார் இல்லாத மோட்டார்னா, பட்டன்ல விரலை எடுத்த உடனே நிற்கிற வகையா மட்டும் வாங்குங்க, ரிமோட் வேண்டாம்.

3. கரண்ட் போனா கையால திறக்க செயின். கூடவே ஆள் போக தனியா ஒரு சின்னக் கதவு. தீ பிடிச்சா வெளியேறுற ஒரே வழி ஷட்டர்னு இருக்கவே கூடாது.

4. சைக்கிள் எண்ணிக்கை. உங்க உபயோகத்தைச் சொல்லி 25,000 அல்லது அதுக்கு மேல கேளுங்க. ஸ்பிரிங்கை நீங்களா முறுக்கவோ கழட்டவோ வேண்டாம், அதுக்குள்ள அடங்கியிருக்கிற விசை கையை முறிச்சிடும்.

5. காற்றுத் தாங்கும் சக்தி. இந்தியத் தரநிலைப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்துல நம்ம 10 அடி கதவு மேல வர்ற தள்ளு சுமார் 1,400 கிலோ எடைக்குச் சமம். 2016 டிசம்பர்ல வர்தா புயலைப் பார்த்தவங்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாசல் பிய்ஞ்சா காற்று உள்ளே புகுந்து கூரையையும் தூக்கும்.

6. நுரை தீயில எப்படி நடந்துக்கும் என்ற டெஸ்ட் ரிப்போர்ட். பஃப் எரியும், விஷப்புகை வரும். தீத்தடுப்புக் கதவு தேவைப்படுற இடத்துல இன்சுலேட்டட் டோர் அதுக்கு மாற்று ஆகாது.

தரத்துக்கு, ரோலிங் ஷட்டர்னா ஐ.எஸ். 6248, ஓவர்ஹெட் டோர்னா ஐரோப்பியத் தரமான இ.என். 13241 சான்று இருக்கான்னு கேளுங்க.

"டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு சொன்னா?

இதை நம்பி வாங்காதீங்க.

வாடகைக்கு விட்டா, அது வீட்டுச் சொத்து வருமானம். சொத்து வரி போக மீதி வாடகையில 30 சதவீதம் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், லோன் இருந்தா அதோட வட்டி, அவ்வளவுதான். 30,000 ரூபாய் ஷட்டர் போட்டாலும், ஒன்றரை லட்சத்துக்குக் கதவு போட்டாலும் கழிவு அதேதான். தவிர, கரண்ட் பில் கட்டுறவர் வாடகைக்கு வந்தவர். செலவு உங்களுக்கு, மிச்சம் அவருக்கு! வாடகையை உயர்த்திக் கேட்டு, அதை ஒப்பந்தத்துல எழுத முடிஞ்சா மட்டும் யோசிங்க.

சொந்த பிசினஸ்னா, கட்டடத்தோட சேர்ந்து வருஷத்துக்கு 10 சதவீதம் தேய்மானம். 1 லட்சத்துக்கு முதல் வருஷம் 10,000, 30 சதவீத வரம்புல இருந்தா சுமார் 3,100 ரூபாய் வரி மிச்சம். விற்பனையில 6 அல்லது 8 சதவீதம் லாபம்னு காட்டுற உத்தேச வரித் திட்டத்துல இருந்தா, தேய்மானம் தனியா கிடையாது.

ஜிஎஸ்டியையும் மறக்காதீங்க. கதவை கட்டடச் செலவா கணக்குல ஏத்தினா அதுக்கு இன்புட் கிரெடிட் கிடைக்காது. 1 லட்சம் வித்தியாசம்னு சொன்னது 18 சதவீத வரியோட 1,18,000 ஆகும். கொட்டேஷனை எப்பவும் வரியோட சேர்த்து ஒப்பிடுங்க.

அப்போ என்னதான் வாங்கணும்?

ஏசி இல்லையா? நல்ல தடிமனான ஷட்டர், மேலே சொன்ன பாதுகாப்புச் சாமான்களோட. பகல் ஏசி மட்டுமா? அதே ஷட்டர், கூட சீல், சன்ஷேடு. 24 மணி நேரம் குளிர் வேணுமா? இன்சுலேட்டட் டோர், உங்க டிகிரியையும் உங்க யூனிட் ரேட்டையும் போட்டு 7 வருஷத்துக்குள்ள காசு திரும்புதான்னு பார்த்துட்டு.

எந்த வகை வாங்கினாலும், பட்ஜெட் இடிச்சா இன்சுலேஷன்ல குறைங்க, ஃபினிஷிங்ல குறைங்க, கலர்ல குறைங்க. சேஃப்டி பிரேக்கையும் சென்சாரையும் வெட்டிக் குறைக்கிற 10,000, 15,000 ரூபாயை மட்டும் மிச்சம்னு எழுதாதீங்க. அது அந்தக் கதவுக்குக் கீழே தினமும் நடக்கிறவங்க தலையில நீங்க ஏத்தி வைக்கிற ரிஸ்க்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு ஸ்டெப்பா நம்ம சேனல் வீடியோவில் போட்டுக் காட்டியிருக்கேன். கொட்டேஷனைக் கையில வச்சுக்கிட்டு பாருங்க, உங்க எண்களைப் போடுங்க. கையெழுத்து அதுக்கப்புறம் போடலாம்.