உஷார்! கூடுதல் சோறு உங்கள் லாப்ரடாரின் ஆயுளைக் குறைக்கிறது

"நல்லா கொழுகொழுன்னு வளர்த்திருக்கீங்க!" உங்கள் லாப்ரடாரைப் பார்க்கிறவர்கள் இப்படிச் சொல்கிறார்களா? மகிழ்ந்துபோகாதீர்கள். உடனே அதன் விலாவில் கை வைத்துப் பாருங்கள். அழுத்தித் தேடினாலும் எலும்பு தட்டுப்படவில்லை என்றால், அது ஆரோக்கியமல்ல, ஆபத்து!

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி சேர்த்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவான உணவு. முடிவு 2002-ல் வெளியானது. நிறையத் தின்றவற்றில் பாதி 11.2 வயதுக்குள் இறந்துபோயின. அளவாகத் தின்றவற்றில் பாதி 13 வயதைத் தாண்டின. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இதில் பதற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு: ஆயுள் குறைந்த நாய்கள் நடக்க முடியாத குண்டு நாய்கள் அல்ல, சற்றே பூசினாற்போல் இருந்தவைதான்.

"பசிக்குதுன்னுதானே கெஞ்சுது?" என்பீர்கள். அந்தப் பார்வையை நம்பாதீர்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் குறை இருந்தது. வயிறு நிறையத் தின்றாலும் அடுத்த வேளைக்குள் பசி எடுத்துவிடும்!

நம் வீடுகளில் நடப்பது என்ன? காலையில் அப்பா டீயோடு பிஸ்கட் போடுவார். மதியம் பாட்டி தயிர்சாதம் பிசைந்து வைப்பார். மாலையில் பிள்ளைகள் சிப்ஸ் நீட்டுவார்கள். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. இதற்கு மேல் கிண்ணம் நிறைய நாய்த்தீனி வேறு. கருத்தடை செய்த நாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம்: பசி கூடும், உடலுக்குத் தேவையான உணவின் அளவோ குறையும்.

எடை கூடினால் இடுப்பு மூட்டு தேய்கிறது, மூச்சு வாங்குகிறது. நாய் தன் உடல் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். கொழுத்த நாய்க்குச் சித்திரை வெயிலில் அது போதாது. வெப்பத்தாக்கு உயிரையே பறிக்கும்.

இன்றே செய்ய வேண்டியவை:

• மேலிருந்து பாருங்கள். இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மேலேறியிருக்க வேண்டும்.

• சோறு போடும் பொறுப்பு ஒருவருக்கே. கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். தின்பண்டம் அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

• மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

• திடீரென்று பட்டினி போடாதீர்கள். எவ்வளவு குறைப்பது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். நாய் சோர்ந்து கிடந்து, முடியும் கொட்டினால் தைராய்டு பரிசோதனை கேளுங்கள்.

• நடைப்பயிற்சி விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டுமே.

• நொண்டுகிறதே என்று நம் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்! இபுபுரூஃபன், பாராசிட்டமால் இரண்டுமே நாய்க்கு நஞ்சாகலாம். வெங்காயம் கலந்த பிரியாணி, திராட்சை, சாக்லேட் ஆகியவையும் கூடவே கூடாது.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களும் கவனியுங்கள். விலா லேசாகத் தெரிவது அவற்றின் இயல்பு. "எலும்பும் தோலுமா இருக்கே" என்று ஊரார் சொல்வதைக் கேட்டுத் திணிக்காதீர்கள்.

லாப்ரடாருக்கு ஏழெட்டு வயதிலேயே முதுமை தொடங்கிவிடுகிறது. அதற்குள் மூட்டு கெட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. அடுத்த வேளைச் சோற்றை நிறுத்துப் போட்டுத் தொடங்குங்கள்!